மண்ணெண்ணெய் வாசனை அடித்த ஒயின்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் அரை மணி நேரம் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மேசை விரிப்பை எப்படி மடிப்பது, எந்தக் கரண்டியை எந்தப் பக்கம் வைப்பது என்பதையெல்லாம் உங்கள் பயிற்சியாளர்கள் என்னைவிட நன்றாகவே சொல்லிக்கொடுப்பார்கள். போன வாரம் இங்கே நடந்த ஒயின் வகுப்பைக் கதவோரம் நின்று பார்த்தேன். ஆளுக்கொரு கண்ணாடிக் கோப்பையைச் சுழற்றினீர்கள், மூக்கை உள்ளே விட்டீர்கள், கண்ணை மூடிக்கொண்டீர்கள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தப்பாக நினைக்காதீர்கள். அதே பாடத்தை நான் படித்த லட்சணம் ஞாபகம் வந்துவிட்டது.

நான் படித்தது அம்பத்தூரில், ஒரே ஒரு பாட்டிலில், எவர்சில்வர் டம்ளரில். கூடப் படித்தவர்கள் ஒரு சமையல்காரரும் ஒரு வாட்ச்மேனும்.

அறுபதுகளின் கடைசி அது. எஸ்டேட்டில் பாதி மனைகளில் தொழிற்சாலை ஓடியது, மீதியில் எருமை மேய்ந்தது. எங்கள் கம்பெனி ஜெர்மன்காரர்களோடு கூட்டுச் சேர்ந்து வால்வு செய்தது. வருகிற வெள்ளைக்காரர்கள் தங்குவதற்காகத் திருமுல்லைவாயில் போகிற வழியில் ஒரு பழைய பங்களாவை வாடகைக்கு எடுத்து, கெஸ்ட் ஹவுஸ் என்று பலகை மாட்டியிருந்தார்கள். அதற்கு நான் சூப்பர்வைசர். வயது இருபத்தாறு. திருநின்றவூரிலிருந்து தினமும் ரயிலில் வருவேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டிய கடிதம் அவர் மேசை டிராயரிலேயே கிடந்தது. மாதக் கடைசியில் போடுவதாகச் சொல்லியிருந்தார்.

அது மதுவிலக்குக் காலம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் பெர்மிட் வைத்துக்கொண்டு குடிக்கலாம். நாங்கள் நாக்கில் வைத்தால் போலீஸ் கேஸ். எனக்கோ அந்த ஆசையே கிடையாது. அதுவரை நான் குடித்ததிலேயே காரமானது சுக்குக் கஷாயம்தான்.

கெல்லர் என்று ஒரு ஜெர்மன் என்ஜினியர் வந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய, நெட்டையான மனிதர். அதிகம் பேச மாட்டார். இரண்டு மாதத்தில் ஊருக்குத் திரும்ப வேண்டியவர், கப்பலில் வர வேண்டிய இயந்திரம் தாமதமானதால் இங்கேயே மாட்டிக்கொண்டார். கடைசியில் இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கிற நாளும் அவருடைய ஒரே மகளின் கல்யாண நாளும் ஒன்றாக வந்து நின்றன. கல்யாணம் அங்கே, அப்பா இங்கே.

அன்று காலை இட்லி சாப்பிட்டு முடித்ததும் பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலைக் கைக்குழந்தையைத் தூக்குவது போல எடுத்து வந்தார். ஒல்லியான பச்சைப் பாட்டில். மேலே ஒட்டியிருந்த தாள் பழுப்பேறிக் கிழிந்திருந்தது.

"என் மகள் பிறந்த வருஷத்து ஒயின். அவள் கல்யாணத்தன்று திறப்பதற்காக இருபத்திரண்டு வருஷம் வைத்திருந்தேன். என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்" என்றார். "குளிர வையுங்கள். பதினொரு மணிக்குத் திறந்துவிடுங்கள். அதற்குக் காற்று வேண்டும். ஒரு மணிக்கு என் நண்பர்கள் இரண்டு பேரோடு வருகிறேன்."

எல்லாவற்றுக்கும் எஸ் சார் சொன்னேன். அவர் இயந்திரத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

எங்கள் கெஸ்ட் ஹவுஸ் ஃப்ரிட்ஜைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அந்தப் பக்கம் மின்சாரம் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். அதனால் மண்ணெண்ணெயில் ஓடுகிற ஃப்ரிட்ஜ் ஒன்றைப் பழையதாக வாங்கிப் போட்டிருந்தார்கள். அடியில் ஒரு விளக்கு எரியும், மேலே தண்ணீர் குளிரும். நெருப்பு எரிந்தால் எப்படிக் குளிரும் என்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை. பாட்டிலை அதில் வைத்தேன்.

பதினொரு மணிக்குத் திறக்கலாம் என்று எடுத்தால், திறக்கிற திருகாணி எங்கள் கெஸ்ட் ஹவுஸில் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் பீர் குடிக்கிறவர்கள். சமையல்காரர் அருளப்பன் ஆவடிக்காரர், என்னைவிட இருபது வயது மூத்தவர். பூசைக்கான திராட்சை ரசத்தைப் பங்குச் சாமியார் திறப்பதைப் பார்த்திருப்பதாகச் சொன்னார். பார்த்திருந்தாரே தவிர, சாமியார் என்ன செய்தார் என்பது அவருக்கு ஞாபகமில்லை. கடைசியில் கதவுக்கு அடிக்கிற மரத்திருகாணி ஒன்றை கார்க்கில் முடுக்கிக் குறட்டால் இழுத்தோம். கார்க்கின் மேல்பாதி வந்தது. கீழ்ப்பாதி அவல் மாதிரி உதிர்ந்து உள்ளே விழுந்தது.

"மாதாவே" என்றார் அருளப்பன்.

புது மல்துணியைத் துவைத்துப் பிழிந்து, அதன் வழியே ஒயினைக் கண்ணாடி ஜக்கில் வடிகட்டினோம். பொன் நிறம். நல்லெண்ணெய் மாதிரி மின்னியது. காற்று வேண்டும் என்று சொல்லியிருக்கிறார் அல்லவா? கூடத்திலிருந்த டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து ஜக்குக்கு நேராக வைத்து மூன்றாம் நம்பரில் ஓட விட்டேன். நல்லவேளையாக அப்போது மின்சாரம் இருந்தது.

ஃபேன் காற்று ஜக்கைத் தொட்டு என் முகத்தில் அடித்தது. சுத்தமான மண்ணெண்ணெய் வாசனை.

"அருளப்பண்ணே, இத மோந்து பாருங்க."

அவர் குனிந்தார், நிமிர்ந்தார். "சார், பம்ப் ஸ்டவ் மாதிரில்ல இருக்கு!"

"காலையில ஃப்ரிட்ஜுக்கு எண்ணெ ஊத்துனது யாரு?"

"நான்தான். ஆனா சோப்புப் போட்டுக் கைய கழுவினேன். மாதா மேல சத்தியம்."

"பாட்டிலுக்குள்ள எப்படிப் போச்சு?"

"கார்க்குதான் சார். பழசு இல்ல? திரி மாதிரி இழுத்திருக்கும்."

அந்த நிமிஷம் எனக்கு அது உலகத்திலேயே நியாயமான விளக்கமாகப்பட்டது. ஒரு மனிதர் இருபத்திரண்டு வருஷம் பொத்திப் பொத்தி வைத்ததை இரண்டு மணி நேரத்தில் ஸ்டவ்வுக்கு ஊற்றுகிற பதத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். இனி வேலை நிரந்தரமாவதாவது!

ருசி பார்த்தால்தான் நிச்சயம் தெரியும். யார் பார்ப்பது? அருளப்பன் குடிப்பதில்லை என்று கோயிலில் வாக்குக் கொடுத்தவர். எனக்குச் சட்ட பயம். அதனால் வாட்ச்மேன் முனுசாமியைக் கூப்பிட்டேன்.

முனுசாமிக்கு ஐம்பது வயதிருக்கும். இப்போது எங்கள் தொழிற்சாலை நிற்கிற இடத்தில் ஒரு காலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். அவர் மூக்கு எஸ்டேட் முழுக்கப் பிரசித்தம். கிடங்கில் ஒயர் கருகுவதைத் தெருமுனையிலிருந்தே கண்டுபிடித்துச் சொன்னவர். மற்ற சரக்குகளிலும் அவருக்குப் பழைய அனுபவம் உண்டு என்று பேச்சு. அதை நான் அவரிடம் கேட்டதில்லை.

"இன்னா சார், கூப்டீங்க?"

"இதுல ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாருங்க. மண்ணெண்ணெய் கலந்திருக்கான்னு சொல்லுங்க."

டம்ளரில் ஊற்றினேன். அவருடைய கணக்கில் சொட்டு என்றால் ஒரு வாய். வாயில் வைத்து, கண்ணை உத்தரத்தில் நிறுத்தி, மெதுவாக விழுங்கினார்.

"எண்ணெ வாசன கீது சார். ஆனா எண்ணெ இல்ல."

"அதெப்படி?"

"எண்ணென்னா நாக்குல வழவழன்னு ஒட்டிக்கும் சார். இது ஒட்டல. மூக்குல மட்டும்தான் கீது. இதோட வாசனயே இதான் போல."

நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டிய இடம் இது. பதினொன்றே கால் மணிக்கு, அந்தக் கட்டடத்திலேயே விஷயம் தெரிந்த ஒரே ஆள், நான் கேட்டதற்குச் சரியான பதிலைச் சொல்லிவிட்டார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காரணம், அவர் வாட்ச்மேன், நான் சூப்பர்வைசர். பதற்றத்தில் இருக்கும்போது நமக்குப் பிடித்த விளக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குவோம். எனக்குப் பிடித்தது கார்க்குத் திரி.

"மண்ணெண்ணெய்தானே சார்? காத்துப் பட்டா பறந்துடும். ஆத்திப் பாக்கலாமா?" என்றார் அருளப்பன்.

"ஆத்துங்க" என்றேன்.

நம் ஊரில் ஆத்துவது என்றால் தெரியுமல்லவா? இன்னொரு ஜக்கை எடுத்தார். வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி, இடது கையை இடுப்புக்குக் கீழே இறக்கி, டீக்கடைக்காரர் மாதிரி ஒரு கஜ நீளத்துக்கு ஒயினை இழுத்து ஆத்தினார். நுரை பொங்கியது. பக்கத்தில் ஃபேன் மூன்றாம் நம்பரில். சாரல் எங்கள் சட்டையெல்லாம் தெளித்தது.

பதினொன்றரைக்கு மறுபடி பரிசோதனை. முனுசாமி ஒரு வாய். இந்தத் தடவை நானும் ஒரு சொட்டு. சட்டம் தெரிந்தேதான் செய்தேன். பொறுப்பான அதிகாரி நானே பார்க்காமல் எப்படி விடுவது? எண்ணெய் குறைந்திருந்தது. அதற்குப் பின்னால் வேறு என்னவோ இருந்தது.

"சுண்ணாம்பு அடிச்ச செவுத்துல தண்ணி ஊத்துனா வரும் பாருங்க, அது சார்" என்றார் முனுசாமி.

எனக்குப் பள்ளிக்கூடத்துச் சிலேட்டு ஞாபகம் வந்தது. எச்சில் தொட்டு அழித்துவிட்டு, காய்வதற்காக முகத்துக்கு நேரே ஆட்டுவோமே, அந்த வாசனை.

"குறையுதுண்ணே! விடாதீங்க, ஆத்துங்க!"

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அருளப்பன் பாதி ஆத்தலில் கையை நிறுத்தி மூக்கை நீட்டினார். குடிக்கத்தான் அவருக்குத் தடை, மோந்து பார்ப்பதற்கு இல்லை. "நார்த்தங்கா! ஊறப் போடறதுக்கு முன்னாடி தோல சீவுவோம்ல, அப்ப கைல அடிக்குமே, அதே சார்!"

நானும் முனுசாமியும் சோதித்தோம். நார்த்தங்காயேதான். கருத்து ஒன்றானதால் உறுதி செய்துகொள்ள இன்னொரு தடவை சோதித்தோம்.

பன்னிரண்டே காலுக்குத் தேன் வந்தது. "தேன் இல்ல சார்" என்று முனுசாமி திருத்தினார். "தேன புழிஞ்சப்புறம் கைல மெழுகு நிக்கும் பாரு, அது." இந்த முறை அவர் பேச்சைக் கேட்டேன். மறுபடி ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன். மெழுகுதான். அப்போது எனக்குக் காது சூடாகியிருந்தது. அருளப்பனைப் பார்த்தால் காரணமில்லாமல் பாசம் பொங்கியது. முனுசாமி ஃபேனுக்கு வணக்கம் வைத்துக்கொண்டிருந்தார்.

ஜக்கைத் தரையில் வைத்துப் பார்த்தபோதுதான் போதையும் சந்தோஷமும் ஒன்றாக இறங்கின. மண்ணெண்ணெயோடு சேர்ந்து ஒயினிலும் மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது.

"தண்ணி ஊத்திடலாம் சார். வெல்லம் கொஞ்சம் கரச்சு, நார்த்தங்கா புழிஞ்சா யாருக்குத் தெரியும்?" இது அருளப்பன்.

"காக்கா தட்டி உட்டுதுன்னு சொல்லிடலாம் சார். ரெண்டு காக்கான்னு சொல்லுங்க, நம்புவாரு." இது முனுசாமி.

இரண்டையும் யோசித்துப் பார்த்தேன். யோசிக்கவில்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஒரு வெல்லக் கட்டி கையிலேயே இருந்தது. ஆனால் காலையில் அந்த மனிதர் பாட்டிலைத் தூக்கி வந்த விதம் கண்ணுக்குள்ளேயே நின்றது. தண்ணீர் கலந்ததை அவர் கண்டுபிடிக்காமலே போகலாம். கண்டுபிடிக்காமல் அதைக் குடித்து, தன் மகள் கல்யாண ஒயின் இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு ஊருக்குப் போவாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வெல்லத்தைக் கீழே வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

அன்றைய நேர்மையில் என் பங்கு எவ்வளவு, ஒயினின் பங்கு எவ்வளவு என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தொழிற்சாலையில் புது இயந்திரம் காது கிழிகிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. கெல்லர் அதன் பக்கத்தில் நின்றார்.

"சார், ஒயினில் மண்ணெண்ணெய்!" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

காதில் கை வைத்துக் காட்டினார்.

"மண்ணெண்ணெய் சார்!"

அவர் தலையை ஆட்டினார், கேட்கவில்லை என்று. மூச்சை இழுத்துப் பிடித்து, தொண்டை நரம்பு புடைக்க, "கெரசின்!" என்று கத்தினேன். அதே நொடியில் யாரோ இயந்திரத்தை நிறுத்தினார்கள். என் குரல் ஷெட் முழுக்க எதிரொலித்தது.

அடுத்து நடந்தது இருபது பேர் ஓடுகிற சத்தம். மணல் வாளிகளோடு வந்தார்கள். ஒருவர் எந்த இடம் என்றுகூடக் கேட்காமல் என் செருப்பின் மேல் ஒரு வாளியைக் கொட்டினார். மணி அடித்தது. மேனேஜர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

கெல்லருடைய முகத்தை மட்டும்தான் நான் பார்த்தேன். அது விளக்குப் போட்ட மாதிரி மலர்ந்தது.

"மண்ணெண்ணெயா? ஒயினில் மண்ணெண்ணெய் வாசனை வந்துவிட்டதா?" என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். "அருமை! அற்புதம்!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் நல்ல செய்தி சொல்லும் வாய்ப்பு வந்ததே என்று மார்பை நிமிர்த்தினேன். "கவலைப்படாதீர்கள் சார். முழுவதையும் எடுத்துவிட்டோம்!"

மலர்ந்த முகம் அப்படியே மூடியது.

கம்பெனிக் கார் வேறு எங்கோ போயிருந்தது. ஆறடி இரண்டங்குல மனிதர் என் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்தார். இரண்டு கால்களும் தரையில் இழுபட, எருமைகள் திரும்பிப் பார்க்க, கெஸ்ட் ஹவுஸ் வந்து சேர்ந்தோம். வழியில் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன்: திருகாணி, கார்க், மல்துணி, ஃபேன், மூன்றில் ஒரு பங்கு.

உள்ளே நுழைந்தபோது அருளப்பன், நிறுத்தச் சொல்ல ஆளில்லாததால், இன்னும் ஆத்திக்கொண்டிருந்தார்.

கெல்லர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கையை நீட்டி ஜக்கை வாங்கி, ஒரு கண்ணாடிக் கோப்பையில் கொஞ்சம் ஊற்றி முகர்ந்தார். வெகுநேரம் முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். இதற்குள் நான் மனதில் ராஜினாமாக் கடிதத்தின் இரண்டாம் பத்திக்குப் போய்விட்டேன்.

"இருக்கிறது. அடியில், கடைசியில். போகவில்லை" என்றார்.

அப்புறம் ஒரு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். அந்தத் திராட்சையிலேயே அப்படி ஒரு குணமாம். வருஷக்கணக்கில் பாட்டிலில் கிடந்தால் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாசனை ஏறுமாம். அது ஏறியிருக்கிறதா என்று பார்க்கத்தான் மனிதர்கள் காத்துக் கிடப்பார்களாம். அதைத்தான் நாங்கள் மூன்றாம் நம்பர் ஃபேன் வைத்து விரட்டிக்கொண்டிருந்தோம்.

சிரிப்பு அடங்கியதும் சட்டைப் பையிலிருந்து இயந்திரக் கணக்கு எழுதுகிற நோட்டை எடுத்தார். "திறந்த பிறகு இது மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றத்தைப் பார்த்து மகளுக்கு எழுத நினைத்தேன். நான் இயந்திரத்தோடு இருந்துவிட்டேன். நீங்கள் இதோடு இருந்தீர்கள். முதலிலிருந்து சொல்லுங்கள். எத்தனை மணிக்கு, என்ன வாசனை?"

நாங்கள் சொன்னோம். முனுசாமி சொல்ல, நான் ஆங்கிலத்தில் பெயர்க்க, அவர் எழுதினார். பதினொன்றே கால்: எண்ணெய் வாசனை உண்டு, எண்ணெய் இல்லை. பதினொன்றரை: நனைந்த சுண்ணாம்புச் சுவர், சிலேட்டு. நார்த்தங்காய்க்கு எனக்கு ஆங்கிலம் தெரியாததால் அருளப்பன் பின்கட்டு மரத்திலிருந்து ஒன்றைப் பறித்து வந்து, தோலைக் கீறி அவர் மூக்கில் வைத்தார். கெல்லர் எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுதினார். முனுசாமி சொன்ன "ஒட்டல" என்ற சொல்லை மட்டும் மூன்று தடவை விளக்கச் சொன்னார்.

மணல் வாளி விவகாரத்துக்காக மேனேஜர் என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார். நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன், நாக்கில் வைத்த விஷயம் நீங்கலாக. என் கடிதத்தில் அவர் கையெழுத்துப் போட ஒரு மாதம் கூடுதலாக எடுத்துக்கொண்டார். கெல்லர் போய்ப் பேசிய பிறகுதான் போட்டார் என்று கேள்வி.

இந்தத் தொழிலில் நீங்களும் எதையாவது கெடுப்பீர்கள். கெட்டது தெரிந்த முதல் நிமிஷத்திலேயே உரியவரிடம் போய்ச் சொல்லுங்கள். நான் ஒன்றேகால் மணி நேரம் தாமதித்தேன். அதற்கு விலை மூன்றில் ஒரு பங்கு. இன்னொன்று, விஷயம் தெரிந்தவர் எந்த உடுப்பில் இருந்தாலும் அவர் பேச்சைக் கேளுங்கள்.

ஒரு மணிக்கு நண்பர்கள் வந்தார்கள். மூன்று கோப்பைகளில் ஊற்றினேன். கெல்லர் எழுந்து நின்று, நோட்டைப் பிரித்து, கல்யாண வீட்டில் வாழ்த்து மடல் வாசிப்பது போல அதை ஜெர்மன் பாஷையில் வாசித்தார். முதலில் அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். போகப் போகச் சத்தம் குறைந்தது. வாசித்து முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை.

பிறகு கெல்லர் கையைக் காட்டி வாசலிலிருந்து முனுசாமியைக் கூப்பிட்டார். தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த மேசையில் அதுவரை எங்கள் மேனேஜர்கூட அழைக்காமல் உட்கார்ந்ததில்லை. முனுசாமி என்னைப் பார்த்தார். உட்காருங்கள் என்று தலையசைத்தேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நான் துவாலையைக் கையில் போட்டுக்கொண்டு, மற்ற மூவருக்கும் செய்தது போலவே வலது பக்கமாக வந்து நின்று, அவர் முன்னால் ஒரு கோப்பையை வைத்து ஊற்றப் போனேன்.

அவர் கோப்பையின் மேல் கையை வைத்து மூடினார்.

"வாணாம் சார். எம் பங்குக்கு நெறைய குட்ச்சிட்டேன்" என்றார். "மோர் இருந்தா ஒரு கிளாஸ் குடுங்க."

கொண்டுவந்து ஊற்றினேன், வலது பக்கமாகவே.